இமையை எண்ணும் கேமரா

விடியற்காலை ஐந்து மணிக்குத் திருவள்ளூர் மாவட்டத்தின் தச்சூர் கூட்டுச் சாலையில் நின்றால் இந்த வட்டாரத்தின் பிழைப்பு முழுவதும் கண்முன்னே ஓடும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு முதல் ஷிஃப்ட் ஆட்களை ஏற்றிப்போகும் வேன்கள், காட்டுப்பள்ளிக்கும் எண்ணூருக்கும் போகும் கன்டெய்னர் லாரிகள், ஆந்திரத்திலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலை வழியாக இறங்கும் சரக்கு வண்டிகள். முன்பெல்லாம் இவற்றின் முன்கண்ணாடிக்கு உள்ளே சாமி படமும் பூச்சரமும்தான் இருக்கும். இப்போது சில வண்டிகளில் அவற்றுக்குப் பக்கத்தில் கையளவு கறுப்புப் பெட்டி ஒன்றும் ஒட்டியிருக்கிறது. அதன் ஒரு பக்கம் சாலையைப் பார்க்கிறது, மறுபக்கம் டிரைவரைப் பார்க்கிறது.

வண்டிக்குள் கேமரா என்பது ஏதோ அமெரிக்கப் பணக்காரர்களின் கவலை என்று இந்தப் பகுதிக்காரர்கள் ஒதுக்கிவிட முடியாது. லாரி செய்வதும் கார் செய்வதும் கப்பல் ஏற்றுவதும் இங்கேதான் நடக்கின்றன. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. அதன் தாய் ஆலை எண்ணூரில் இருக்கிறது. திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் தயாரானது. அதே திருவள்ளூரில் இப்போது சிட்ரோயன் கார்கள் தயாராகின்றன. ஓரகடத்தில் செய்த நிசான் மைக்ரா 2010இல் எண்ணூர்த் துறைமுகம் வழியாகத்தான் ஐரோப்பாவுக்குப் போனது. வண்டிக்குள் என்ன பொருத்தப்படுகிறது, அதற்கு எந்த ஊர்ச் சட்டம் எந்த வரம்பைக் கட்டுகிறது என்பது நம் வாசலில் நடக்கும் விஷயம்.

காரில் இருக்கும் கேமராக்கள் எல்லாம் ஒரே வகை இல்லை. பின்னால் எடுக்கும்போது திரையில் படம் காட்டும் ரிவர்ஸ் கேமரா பெரும்பாலும் காட்டிவிட்டு மறந்துவிடும். முன்கண்ணாடியின் உச்சியில் இருந்துகொண்டு கோட்டைத் தாண்டினால் எச்சரிக்கும் கேமரா, சாலையைப் படமாகப் பார்த்துக் கணக்காக மாற்றிக்கொள்கிறது. டேஷ்கேம் பதிவு செய்வதற்கென்றே வந்தது. எஸ்டி கார்டு நிரம்பினால் பழைய படத்தின் மேல் புதிய படத்தை எழுதும்; வண்டி குலுங்கினால் அந்தச் சில நொடிகளை மட்டும் அழியாமல் பூட்டி வைக்கும். கடைசியாக வந்திருப்பது டிரைவரின் முகத்தைப் பார்க்கும் கேமரா. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை முகத்தில் பாய்ச்சுவதால் இருட்டிலும் அதற்குப் பார்வை உண்டு. இமை எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது, வாய் எத்தனை முறை கொட்டாவி விடுகிறது, பார்வை சாலையை விட்டு மடியிலிருக்கும் போனுக்கு எத்தனை முறை இறங்குகிறது என்று எண்ணிக்கொண்டே இருக்கும்.

ஆபத்து கேமராவின் எண்ணிக்கையில் இல்லை. எடுத்த படம் அந்தக் கணமே கணக்காகி மறைகிறதா, கார்டில் தங்குகிறதா, வண்டிக்குள் இருக்கும் சிம் வழியாக எங்கோ இருக்கும் சர்வருக்குப் போகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒரே கறுப்புக் கண்ணாடி வட்டம். ஷோரூமில் சாவி கொடுக்கும் விற்பனையாளருக்கே பல நேரம் இந்த வித்தியாசம் தெரியாது.

சர்வருக்குப் போன படம் என்ன ஆகும் என்பதற்கு டெஸ்லா ஒரு பாடம். 2023 ஏப்ரலில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட புலனாய்வுச் செய்தியில், 2019 முதல் 2022 வரை அந்நிறுவன ஊழியர்கள் வாடிக்கையாளர்களின் கார்கள் எடுத்த படங்களைத் தங்களுக்குள் அனுப்பி ரசித்தார்கள் என்று முன்னாள் ஊழியர்களே சொன்னார்கள். தானாக ஓடும் மென்பொருளுக்கு இது மனிதன், இது மரம் என்று கற்றுக்கொடுப்பதற்காக வந்த படங்கள் அவை. அவற்றில் நிர்வாணமாக ஒரு காரை நோக்கி நடந்துவந்த ஒருவர் இருந்தார். குடியிருப்புத் தெருவில் சைக்கிள் ஓட்டிப்போன ஒரு குழந்தையை வேகமாக வந்த கார் இடித்துத் தூக்கியெறிந்த காட்சி இருந்தது. அது அலுவலகத்தில் காட்டுத்தீபோலப் பரவியதாம். படங்கள் யாருடையவை என்று தெரியாது என்பதுதான் வாடிக்கையாளர்களுக்கு நிறுவனம் தந்திருந்த உறுதி. எடுத்த இடத்தைத் தங்கள் மென்பொருளில் பார்க்க முடிந்தது என்று அந்த ஊழியர்கள் கூறினார்கள். இடம் தெரிந்தால் வீடு தெரியும். வீடு தெரிந்தால் ஆளும் தெரியும்.

அந்த நிர்வாண மனிதராவது, கார் அவருடையதென்றால், அதை வாங்கும்போது ஏதோ ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டிருக்கலாம். அந்தக் குழந்தை எந்த ஷோரூமிலும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. கார் கேமராவின் அடிப்படைச் சிக்கலே இதுதான். ஒப்புதல் தருபவர் ஒருவர், படத்தில் விழுபவர் இன்னொருவர்.

வாங்குபவர் தரும் ஒப்புதலும் பெயருக்குத்தான். மொஸில்லா அறக்கட்டளை 2023 செப்டம்பரில் 25 கார் நிறுவனங்களின் தனியுரிமைக் கொள்கைகளைப் படித்துப் பார்த்தது. ஒன்றுகூடத் தேறவில்லை. 84 விழுக்காடு நிறுவனங்கள் வாடிக்கையாளர் தரவைப் பிறரோடு பகிர்வதாகவும், 76 விழுக்காடு விற்க முடியும் என்றும் தங்கள் கொள்கையிலேயே எழுதி வைத்திருந்தன. எழுதி வைப்பதோடு நிற்கவில்லை என்பது 2024இல் தெரிந்தது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் தன் வாடிக்கையாளர்கள் எங்கே போனார்கள், எப்படி பிரேக் போட்டார்கள் என்ற விவரங்களைத் தரவு வணிகர்களுக்குக் கொடுத்திருந்தது; அவை காப்பீட்டு நிறுவனங்களுக்குப் போயின. சிலருக்கு பிரீமியம் ஏறியபோதுதான் தங்கள் கார் தங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறது என்று தெரியவந்தது. 2025 ஜனவரியில் அந்நாட்டின் மத்திய வணிக ஆணையம், ஜெனரல் மோட்டார்ஸ் அத்தகைய தரவு வணிகர்களுக்கு இந்த விவரங்களைத் தருவதற்கு ஐந்து ஆண்டுத் தடையை முன்வைத்தது. அது கேமராப் படம் பற்றிய வழக்கில்லை. ஆனால் வண்டியிலிருந்து தரவு வெளியே போகும் குழாய் ஒன்றுதான்.

நம் ஊர்க் கார்களுக்கு வருவோம். 2023 ஜூலையில் ஹூண்டாய் எக்ஸ்டர் வந்தபோது, சிறிய கார் வகையிலேயே இரட்டைக் கேமரா டேஷ்கேம் தொழிற்சாலையிலிருந்தே பொருத்தி வந்தது பெரிதாகப் பேசப்பட்டது. ஒரு கண் சாலையை நோக்கும், மற்றது காரின் உட்புறத்தை. ஸ்ரீபெரும்புதூரில் தயாராகும் கார் அது. 2024 நவம்பர் 26 அன்று மஹிந்திரா தன் மின்கார்களான பிஇ 6, எக்ஸ்இவி 9இ இரண்டையும் சென்னையில்தான் அறிமுகப்படுத்தியது. டிரைவரின் முகத்தைக் கவனிக்கும் கேமராவும், கார் நிற்கும் இடத்தின் சுற்றுப்புறத்தைப் போனிலேயே நேரடியாகப் பார்க்கும் வசதியும் அவற்றின் சிறப்புகளாகச் சொல்லப்பட்டன. இவற்றை வாங்குபவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 2022இல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். 17,884 பேர் இறந்தார்கள். விபத்து நடந்த இடத்தில் கூடும் கூட்டம் பெரிய வண்டிக்காரன்மேல்தான் குற்றம் என்று முடிவு கட்டும்போது, அவனுக்காகச் சாட்சி சொல்ல டேஷ்கேமைத் தவிர வேறு நாதி கிடையாது.

ஆனால் சாலையைப் பார்க்கும் கண் வேறு, உள்ளே பார்க்கும் கண் வேறு. பல டேஷ்கேம்களில் மைக்கும் உண்டு. கணவன் மனைவி பேச்சு, அம்மாவின் நோய் பற்றி டாக்டரோடு போனில் பேசியது, கடன்காரரிடம் தவணை கேட்டுக் கெஞ்சியது எல்லாம் அதில் ஏறும். 2024 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மனைவிக்குத் தெரியாமல் கணவன் எடுத்த அவருடைய தொலைபேசி அழைப்புப் பட்டியலைச் சாட்சியமாக ஏற்க மறுத்தது. தம்பதியருக்குள்ளும் அந்தரங்க உரிமை உண்டு என்றார் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன். ஒன்பது மாதத்தில், 2025 ஜூலை 14 அன்று, விபோர் கர்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறு வழியில் போனது. மணவழக்கில், துணைக்குத் தெரியாமல் பதிவு செய்த உரையாடலைச் சாட்சியமாகக் கொண்டுவரலாம் என்றது. மணவழக்கில் உண்மையை நிறுவ வேறு வழி இல்லாதவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது துணை என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் குடும்பக் காரின் டேஷ்கேம் கார்டு இனி வெறும் விபத்துச் சாட்சி இல்லை என்பது இந்தத் தீர்ப்போடு உறுதியாகிவிட்டது.

பாதுகாப்புக்கென்று வைத்த கேமராவே கேடாகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. 2025 பிப்ரவரியில் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் சிசிடிவி படங்கள் இணையத்தில் விற்பனைக்கு வந்தன. பரிசோதனை அறையில் படுத்திருந்த பெண்கள் அவற்றில் இருந்தார்கள். எளிதில் ஊகிக்கக்கூடிய கடவுச்சொல் வழியாக ஆட்கள் உள்ளே புகுந்திருந்தார்கள். இரவு ஷிஃப்ட் முடிந்து வேனில் தலைசாய்த்துத் தூங்கிவரும் பெண்களை நினைத்துப் பாருங்கள். வேனுக்குள் கேமரா வேண்டும் என்று கேட்பவர்களில் அவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் உண்டு, அந்தக் கோரிக்கை நியாயமானது. அந்தப் படம் யார் போனில் ஓடுகிறது, எத்தனை நாள் கிடக்கிறது, கடவுச்சொல்லை யார் வைத்தது என்ற கேள்விகளும் அதே அளவு நியாயமானவை.

இவர்கள் எல்லாரையும்விட அதிக நேரம் கேமரா முன் உட்கார்ந்திருப்பவர் டிரைவர். காரில் போகும் முதலாளி ஒரு மணி நேரம் கேமராவுக்கு முன் இருந்தால், லாரி டிரைவர் பத்து மணி நேரம் இருக்கிறார். அவர் சாப்பிடுவதும் முகம் துடைப்பதும் தனியாக இருக்கும்போது அழுவதும் அதே இருக்கையில்தான். 2021இல் அமெரிக்காவில் அமேசான் பொருள் பட்டுவாடா வேன்களில், சான் டியாகோவிலும் பெங்களூரிலும் இயங்கும் நெட்ரடைன் என்ற நிறுவனத்தின் கேமராக்கள் பொருத்தப்பட்டன. முகத்தைப் பதிவு செய்யச் சம்மதம் என்று டிரைவர்கள் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. போடாவிட்டால் வேலை இல்லை. இதை ஒப்புதல் என்று சொல்ல என் நா கூசுகிறது. ஆனாலும் அங்கே ஒரு தாளாவது நீட்டினார்கள்.

இங்கே சட்டம் அந்தத் தாளையும் கேட்கவில்லை. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அந்தத் தீர்ப்பின் வழியில் ஆறு ஆண்டுகள் கழித்து வந்தது 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. பொதுவாக ஒப்புதல் இல்லாமல் தரவைக் கையாளக் கூடாது என்கிறது சட்டம். ஆனால் 7ஆம் பிரிவு சில விலக்குகளைத் தருகிறது. வேலை நிமித்தமாகவும், முதலாளியை இழப்பிலிருந்தோ சட்டப் பொறுப்பிலிருந்தோ காப்பதற்காகவும் ஊழியரின் தரவை அவர் ஒப்புதல் இல்லாமலே கையாளலாம் என்பது அவற்றில் ஒன்று. டிரைவரின் முகத்தைப் பார்க்கும் கேமரா இந்த விலக்குக்குள் எளிதாக அடங்கிவிடும். விபத்து நடந்தால் இழப்பு முதலாளிக்குத்தானே.

இதைக்கூட ஒருவாறு பொறுத்துக்கொள்ளலாம். எல்லா டிரைவரிடமும் தினமும் சம்மதம் கேட்டுக்கொண்டு போக்குவரத்து நடத்த முடியாது. பொறுத்துக்கொள்ள முடியாதது 11ஆம் பிரிவு. என்னைப் பற்றி என்ன தரவு வைத்திருக்கிறாய், அதை யாரிடம் கொடுத்தாய் என்று கேட்டுப் பெறும் உரிமையைத் தருவது அந்தப் பிரிவு. அந்த உரிமை ஒப்புதல் கொடுத்தவருக்கே உண்டு என்று அது எழுதப்பட்டிருக்கிறது. திருத்தவும் அழிக்கவும் கேட்கும் 12ஆம் பிரிவும் அப்படியே. ஒப்புதல் கேட்காமலே யாரைப் படமெடுக்கலாமோ, அவருக்குத் தன் படத்தைப் பார்க்கும் உரிமை கிடையாது. தரவைப் பத்திரமாக வைத்திருக்கும் கடமை முதலாளிக்கு உண்டு, முறையிடும் வழி தொழிலாளிக்கு உண்டு. பத்திரமாக வைக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கலாம். அந்தத் தண்டத் தொகை இந்தியத் தொகுப்பு நிதிக்குப் போகிறது. படம் கசிந்து மானம் போனவருக்கு இந்தச் சட்டத்தில் ஒரு ரூபாய் இழப்பீடு இல்லை.

இந்த வட்டாரத்தில் இது இன்னும் ஒரு படி சிக்கலாகிறது. வேன் டிராவல்ஸ்காரருடையது, ஒப்பந்தம் ஆலையோடு, டிரைவர் தினக்கூலி. கேமரா வாங்கிப் பொருத்தியவர் ஒருவர், படத்தைப் பார்ப்பவர் ஒருவர், சர்வரை வைத்திருப்பவர் மூன்றாமவர். டிரைவர் யாரிடம் போய் முறையிடுவார்?

களைப்பைக் கண்டுபிடிக்கத்தானே கேமரா என்பார்கள். 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஐந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களில் டிரைவரின் வேலையை நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரம்பு கட்டியது. களைப்புக்குக் காரணம் வேலை நேரம் என்பது 60 ஆண்டுக்கு முன்பே சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. புதிய கேமரா கொட்டாவியை எண்ணுகிறது. அந்தக் கொட்டாவிக்கு முன்னால் அவர் துறைமுக வாசலில் எத்தனை மணி நேரம் வரிசையில் நின்றார், நேற்றைய டிரிப் எத்தனை மணிக்கு முடிந்தது என்பதும் அதே கருவியில் இருக்கிறது. ஆனால் மேலாளரின் திரையில் சிவப்பாக எரிவது கொட்டாவி மட்டும்தான். அந்தப் பதிவு டிரைவர் கைக்கும் வந்தால், தூங்கவிடாமல் ஓட்டவைத்தார்கள் என்பதற்கு அதுவே அவருடைய சாட்சி. இப்போது அது ஒரு கட்சிக்காரர் மட்டுமே திறக்கக்கூடிய பெட்டி.

வழி இல்லாமல் இல்லை. நெதர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு ஆணையம், நிறுத்தி வைத்த டெஸ்லா கார் பக்கத்தில் போகிறவர்களை எல்லாம் படமெடுக்கும் காவல் வசதியை விசாரித்தது. விசாரணை நடக்கும்போதே நிறுவனம் அமைப்பை மாற்றியது. இனி உரிமையாளரே போட்டால்தான் அது இயங்கும். யாராவது காரைத் தொட்டால்தான் பதிவு செய்யும். பதிவாகும்போது முகப்பு விளக்கு எரிந்து வழிப்போக்கருக்குச் சொல்லும். 2023 பிப்ரவரியில் ஆணையம் தண்டம் எதுவும் போடாமல் விசாரணையை முடித்தது. சீனா 2021 அக்டோபர் முதல் நடைமுறைப்படுத்திய விதிகள், முடிந்தவரை தரவை வண்டிக்குள்ளேயே கையாளச் சொல்கின்றன. வெளியாட்களின் முகம் வெளியே போவதானால் அடையாளம் தெரியாமல் செய்யச் சொல்கின்றன. சீனாவை அந்தரங்கத்துக்கு உதாரணமாகக் காட்டுவது எனக்கு உவப்பானதல்ல, ஆனால் அந்த விதி நல்ல விதி. ஐரோப்பிய ஒன்றியம் தூக்கக் கலக்கத்தை எச்சரிக்கும் கருவியைப் புதிய வண்டிகளில் கட்டாயமாக்கியபோது, அதே 2019ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு வரியையும் சேர்த்தது: அந்தத் தரவு வண்டியின் மூடிய அமைப்புக்குள்ளேயே இருக்க வேண்டும், மூன்றாம் தரப்புக்கு எந்நேரமும் கிடைக்கக் கூடாது, கணக்கிட்டவுடன் அழிய வேண்டும். எச்சரிக்கை மணி அடிப்பதற்குப் படத்தைச் சேமிக்கத் தேவையே இல்லை என்பதற்கு இந்த ஒரு வரி போதும்.

நம் சாலைப் போக்குவரத்து அமைச்சகமும் 2025 மார்ச்சில் பெரிய பேருந்துகள், லாரிகளில் டிரைவர் தூக்க எச்சரிக்கையைக் கட்டாயமாக்க வரைவு வெளியிட்டது. எச்சரிக்கை வரட்டும், உயிர் பிழைக்கட்டும். தொழிற்சாலையில் பொருத்தி வரும் கருவிக்கு மட்டுமல்ல, வண்டி வாங்கியபின் வெளியே வாங்கி ஒட்டும் கறுப்புப் பெட்டிகளுக்கும் அந்த ஐரோப்பிய வரி பொருந்த வேண்டும். நம் சாலைகளில் டிரைவரைப் பார்ப்பவை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகைதான்.

கார் வைத்திருப்பவர்கள் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. உள்பக்கக் கேமராவையும் மைக்கையும் தேவையில்லாத நாளில் அணைத்து வைக்கலாம். ஏறுகிறவரிடம் கேமரா ஓடுகிறது என்று ஒரு வார்த்தை சொல்லலாம். பழைய காரை விற்கும்போது எஸ்டி கார்டை எடுத்துவிட்டு, திரையில் சேர்ந்திருக்கும் போன் எண்களையும் வீட்டு விலாசத்தையும் அழித்துவிட்டு, செயலியில் தன் பெயரை நீக்கிவிட்டு ஆர்.சி.யை மாற்றித் தரலாம். வேன் நடத்துபவர்கள், இந்த வண்டியில் கேமரா இருக்கிறது, படம் இத்தனை நாள் இருக்கும், இன்னார் பார்ப்பார் என்று கதவுக்குப் பக்கத்தில் தமிழிலும் தெலுங்கிலும் இந்தியிலும் எழுதி ஒட்டலாம். சிப்காட்டுக்குப் போகும் வேனில் இந்த மூன்று மொழிக்காரர்களும் இருக்கிறார்கள்.

டிரைவருக்கு மட்டும் இந்த நல்லெண்ணம் போதாது. அவருக்குச் சட்டத்தில் இடம் வேண்டும். வேலை நிமித்தம் என்ற பெயரில் ஒப்புதல் இல்லாமல் தரவு எடுக்கப்படுபவரையும் 11, 12ஆம் பிரிவுகளின் உரிமைக்குள் சேர்க்க நாடாளுமன்றம் ஒரே வரியில் திருத்தம் செய்தால் போதும். லாரி, வேன் தொழிலாளர் சங்கங்கள் இதைக் கோரிக்கையாக எழுத வேண்டும். திருவள்ளூர் மாவட்டத்தின் உறுப்பினர்கள் இதை அவையில் கேட்க வேண்டும். சட்டத்தின் முக்கியக் கடமைகள் முழுமையாக நடைமுறைக்கு வருவது 2027 மே மாதத்தில். அதற்குள் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்.